லெஹிஸ்தான், லெந்ஜெல், லியாஹ்: போலந்துக்காரர்களுக்கு அக்கம்பக்கத்தார் வைத்த பெயர்

1942-ஆம் ஆண்டு. காஸ்பியன் கடலின் தென்கரையில் உள்ள பஹ்லவி துறைமுகத்துக்கு (இன்றைய பந்தர் அன்சலி) சோவியத் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. இறங்கியவர்கள் எலும்பும் தோலுமாக இருந்தார்கள். பலருக்கு டைஃபஸ் காய்ச்சல். கிழக்குப் போலந்திலிருந்து ஸ்டாலின் அரசு சைபீரியாவுக்கும் கஜகஸ்தானுக்கும் நாடு கடத்தியிருந்த மக்கள் அவர்கள். சில மாதங்களில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் இப்படி ஈரானுக்குள் வந்து சேர்ந்தார்கள். வந்தவர்கள் தங்களைப் ‘பொலாட்சி’ என்று சொல்லிக்கொண்டார்கள், தங்கள் நாட்டைப் ‘போல்ஸ்கா’ என்றார்கள். ஆனால் கரையில் நின்ற ஈரானியர்கள் அவர்களை அழைத்த பெயர் ‘லஹெஸ்தானி’. பாரசீகத்தில் போலந்துக்கு அன்றும் இன்றும் லஹெஸ்தான் என்றுதான் பெயர்.

போல்ஸ்கா எங்கே, லஹெஸ்தான் எங்கே? ஒரே நாட்டின் பெயர்கள் என்று சொன்னால்தான் தெரியும். பாரசீகம் தனியாகவும் நிற்கவில்லை. ஆர்மீனியர்களுக்கு அது லெஹஸ்தான். உஸ்மானியத் துருக்கியர்களுக்கு லெஹிஸ்தான். ஹங்கேரியில் இன்றும் போலந்துக்காரர் ‘லெந்ஜெல்’, நாடு ‘லெந்ஜெல்ஓர்ஸாக்’. லித்துவேனியாவில் ‘லென்காஸ்’, நாடு ‘லென்கியா’. பழைய ருமேனிய ஏடுகளில் ‘லெயாஹ்’. பழைய ருஷ்ய, உக்ரேனிய, பெலாரஸ் எழுத்துகளில் ‘லியாஹ்’. எல்லாம் ‘ல’கரத்தில் தொடங்குகின்றன. மேற்கே போனால் ஜெர்மானியரின் போலன், பிரெஞ்சுக்காரரின் பொலோன்ய், ஆங்கிலத்தின் வழியே நமக்கு வந்த போலந்து என எல்லாம் ‘ப’கரம்.

ஐரோப்பிய வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, சில நூற்றாண்டுகளுக்கு முன்பு போலந்தை யார் எப்படி அழைத்தார்கள் என்று வண்ணம் தீட்டினால், நாட்டின் நடுவே ஒரு கோடு விழும். மேற்கிலிருந்து வந்தவர்கள் ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டார்கள். கிழக்கிலும் தெற்கிலும் இருந்து வந்தவர்கள் வேறொன்றைப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டாவது பெயரின் கதைதான் இங்கே.

அந்தப் பெயரைப் பற்றி விரிவாகப் பேசும் ஸ்லாவிய நூல், கீவில் 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொகுக்கப்பட்ட பழைய ருஷ்ய ஆண்டுக்குறிப்பு. நெஸ்டர் என்ற துறவி தொகுத்ததாக மரபு சொல்லும். டான்யூப் கரையிலிருந்து ஸ்லாவியர்கள் பிரிந்து போன கதையைச் சொல்லும்போது, சிலர் விஸ்துலா ஆற்றங்கரையில் போய் அமர்ந்து லியாஹ் எனப் பெயர் பெற்றார்கள் என்கிறது அது. அந்த லியாஹ்களில் சிலர் பொல்யானே, சிலர் லுத்திச்சி, சிலர் மசோவியர், சிலர் பொமோரியர் என்றும் பிரிக்கிறது. அதாவது கீவ்காரர் கண்ணில் லியாஹ் என்பது ஒரு பெரிய குடைப்பெயர். மற்றவையெல்லாம் அதன் கீழே. போதாததற்கு, ருஷ்ய மண்ணிலேயே வாழ்ந்த ரதிமிச்சி, வியாதிச்சி என்ற இரண்டு இனங்களும் லியாஹ்களிடமிருந்து வந்த ரதிம், வியாத்கோ என்ற அண்ணன் தம்பியின் வழிவந்தவை என்று ஒரு கதையையும் சேர்க்கிறது.

பெயர் அதைவிடப் பழையது. 10-ஆம் நூற்றாண்டின் நடுவில் பைசாந்தியப் பேரரசர் ஏழாம் கான்ஸ்டன்டைன், பேரரசை எப்படி நடத்துவது என்று தன் மகனுக்காக ஒரு கையேடு எழுதச் செய்தார். அதில் ருஷ்ய வணிகர்கள் ஆண்டுதோறும் கான்ஸ்டான்டிநோபிளுக்குப் படகில் வருவதைச் சொல்லும் ஒரு பகுதி உண்டு. ருஷ்யர்களுக்குத் திறை கட்டும் ஸ்லாவியர்கள் பனிக்காலத்தில் காட்டில் மரம் வெட்டி, ஒற்றை மரத்தைக் குடைந்து ஓடம் செய்து, பனி உருகியதும் ஆற்றில் இறக்கி, கீவுக்குக் கொண்டுபோய் விற்பார்கள். அந்த ஓடக்காரர்களில் ஓர் இனத்தின் பெயர் லென்சானினோய். இன்னோர் இடத்தில் பெச்செனெக் நாடோடிகளின் எல்லையை ஒட்டி வாழ்பவர்களைப் பட்டியலிடும்போதும் அதே இனம் வருகிறது.

அதற்கும் முன்னே, 9-ஆம் நூற்றாண்டில் யாரோ ஒரு துறவி லத்தீனில் எழுதிய பட்டியல் இருக்கிறது. எழுதியவரின் பெயர் தெரியாததால் அவரைப் பவேரியப் புவியியலாளர் என்று அழைக்கிறார்கள். டான்யூபுக்கு வடக்கே எந்தெந்த இனம், ஒவ்வொன்றிடமும் எத்தனை கோட்டைகள் என்பதுதான் பட்டியல். ஸ்லேன்சானேவிடம் 15, ஒபொலினியிடம் 20 என்று போகும் அந்த வரிசையில் ‘லெந்திசி’ என்றொரு இனத்துக்கு 98 கோட்டைகள். விஸ்துலாக் கரையின் விஸ்லானேவும் அதில் உண்டு.

லென்சானினோய், லெந்திசி, பின்னாளில் லியாஹ் ஆகிய மூன்றும் ஒரே வேரில் நிற்பவை என்பது மொழியியலாளர்களின் பொதுவான முடிவு. இந்த இனத்தை இன்றைய போலந்து வரலாற்றாசிரியர்கள் ‘லெண்ட்ஜானே’ என்கிறார்கள். இவர்கள் எங்கே வாழ்ந்தார்கள் என்பதில் சில நூறு கிலோமீட்டர் அங்கே இங்கே சண்டை உண்டு. ஆனால் சான் ஆறு, ப்ஷெமிஷ்ல் நகரம், பூக் ஆற்றின் மேல்பகுதி என்று இன்றைய போலந்தின் தென்கிழக்கு மூலையையும் உக்ரைனின் மேற்கு ஓரத்தையும் சுற்றித்தான் பெரும்பாலானோர் விரல் வைக்கிறார்கள்.

இந்தப் பழைய பட்டியல்களில் என்னை நிறுத்தி வைப்பது இருக்கும் பெயர்களைவிட இல்லாத பெயர்தான். போலந்துக்குப் பெயர் கொடுத்ததாகப் பள்ளிப் புத்தகங்கள் சொல்லும் ‘பொலானே’ இனம் அவற்றில் எங்குமே இல்லை. பவேரியப் பட்டியலில் இல்லை. பைசாந்தியக் கையேட்டிலும் இல்லை.

பெயரில்லாத நாடு

மியெஷ்கோ என்ற அரசர் 966-இல் ஞானஸ்நானம் பெற்றார். அதையே போலந்தின் பிறந்தநாளாக அங்கே கொண்டாடுகிறார்கள். க்னியெஸ்னோ, பொஸ்னான், ஓஸ்ட்ரூவ் லெட்னிட்ஸ்கி என்று வார்த்தா ஆற்றுப் பக்கத்தில் அவர் குடும்பம் கட்டிய மரக்கோட்டைகளை அகழாய்வாளர்கள் தோண்டியிருக்கிறார்கள். இவ்வளவு பெரிய அரசு திடீரென எழுந்து நிற்கிறது; அதை என்ன பெயரால் அழைப்பது என்று அண்டை நாட்டாருக்குத் தெரியவில்லை.

ஜெர்மானியத் துறவி விதுகிண்ட், மியெஷ்கோவின் மக்களை ‘லிசிகாவிகி’ என்று எழுதுகிறார். அந்தப் பெயர் வேறு எங்கும் வரவில்லை; என்னவென்று அறிஞர்கள் இன்றுவரை மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். ஸ்பெயினிலிருந்து 965 வாக்கில் மத்திய ஐரோப்பாவுக்கு வந்த யூதப் பயணி இப்ராஹிம் இப்னு யாகூப், அந்த நாட்டில் தானியமும் இறைச்சியும் தேனும் நிறைய, அரசனிடம் கவசம் பூண்ட 3,000 வீரர்கள் என்று விவரமாக எழுதினார். நாட்டின் பெயர்? ‘மஷ்காவின் நாடு’, அதாவது மியெஷ்கோவின் நாடு. அவ்வளவுதான்.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. 991-ஐ ஒட்டி மியெஷ்கோ குடும்பம் தங்கள் நாட்டை ரோமின் புனித பேதுருவின் பாதுகாப்பில் ஒப்படைத்து ஒரு சாசனம் எழுதியது. எல்லைகள் எல்லாம் வரிசையாகச் சொல்லப்பட்ட அதில் நாட்டுக்குப் பெயர் இல்லை. ‘ஸ்கினேஸ்கே’ என்ற கோட்டை நகரமும் அதைச் சேர்ந்தவையும் என்றுதான் இருக்கிறது. அது க்னியெஸ்னோவின் சிதைந்த வடிவம் என்பது பலருடைய கருத்து. மூலம் கிடைக்கவில்லை. கிடைத்திருப்பது சுமார் 100 ஆண்டுகள் கழித்து ரோமில் எடுக்கப்பட்ட சுருக்கம். அதைப் படியெடுத்தவர் தன் குழப்பத்தையும் எழுதி வைத்தார்: இவர்கள் எந்த இனத்தார் என்று எனக்குத் தெரியவில்லை, நான்கு நீதிபதிகளால் ஆளப்படுவதால் சார்டினியர்களாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். மத்தியதரைக் கடல் தீவு எங்கே, பால்டிக் கரை எங்கே. ஒரு நாட்டுக்குப் பெயர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதற்கு மேல் உதாரணம் வேண்டாம்.

‘பொலானே’ என்ற சொல்லும் ‘பொலோனியா’ என்ற லத்தீன் வடிவமும் 1000-ஆம் ஆண்டை ஒட்டித்தான் தலை காட்டுகின்றன. பிரஷ்யர்களால் 997-இல் கொல்லப்பட்ட புனித அடால்பர்ட்டின் வாழ்க்கை வரலாற்றில், மியெஷ்கோவின் மகன் போலெஸ்வாவ் ‘பலானியரின் தலைவர்’ ஆகிறார். அவர் வெளியிட்ட வெள்ளிக்காசு ஒன்றிலும் பொலோனியா என்ற பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. பேரரசர் மூன்றாம் ஓட்டோவே 1000-இல் க்னியெஸ்னோவுக்கு நேரில் வந்துபோன காலம் அது; ஐரோப்பிய அரச சபையில் உட்கார நாற்காலி கிடைத்ததும், அதில் எழுத ஒரு பெயரும் தேவைப்பட்டிருக்கும். பொலானே என்றொரு பழங்குடி இனம் உண்மையில் இருந்ததா, இல்லை அது அந்தச் சபைக்காகப் பிறந்த பெயரா என்று இப்போது போலந்து வரலாற்றாசிரியர்கள் சிலர் வெளிப்படையாகவே கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது என்றே எனக்குப் படுகிறது.

ஆக, போலந்துக்காரர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயரைவிட, பக்கத்தில் இருந்தவர்கள் சொன்ன பெயர்தான் ஏட்டில் மூத்தது.

வயலும் புனமும்

இரண்டு பெயர்களும் மண்ணிலிருந்து வந்தவை. ‘போலே’ என்றால் ஸ்லாவிய மொழிகளில் வயல், வெட்டவெளி. பொலானே என்பவர்கள் வெளியில் வாழ்பவர்கள். லெண்ட்ஜானேயின் வேர் ‘லெந்தோ’. அது உழுது பண்பட்ட நிலமல்ல. காட்டை வெட்டி, எரித்து, திருத்தி, இன்னும் முழு வயலாகாத நிலம். சங்கப் பாட்டில் வரும் குறிஞ்சிப் புனம் போன்றது. ருஷ்ய வட்டாரங்களில் ‘லியாதா’, ‘லியாதினா’ என்றால் இன்றும் வெட்டித் திருத்திய காடு அல்லது புதர் மண்டிப்போன பழைய வயல். போலிஷ் மொழியில் அதே சொல் ‘லோன்ட்’ ஆகி, கடலுக்கு எதிரான தரை என்ற பொருளுக்கு நகர்ந்துவிட்டது. ஜெர்மானிய மொழிகளின் ‘லேண்ட்’ இதற்குத் தூரத்து உறவு. போலந்து என்ற சொல்லின் வாலில் இருக்கும் ‘லந்து’வும் அந்த லேண்ட்தான், லியாஹ் என்ற பெயரின் வேருக்கு உறவுக்காரச் சொல் ஒன்று, யாரும் அழைக்காமலே மேற்கத்திய பெயருக்குள்ளும் புகுந்து உட்கார்ந்திருக்கிறது.

லெந்தோவிலிருந்து லியாஹ் எப்படி வந்தது? ஸ்லாவியர்களுக்கு நீளமான பெயரை வெட்டி, கடைசியில் ஒரு ‘ஹ்’ ஒட்டிச் செல்லப்பெயராக்கும் பழக்கம் உண்டு. போலிஷ் மொழியில் ஸ்தனிஸ்வாவ் என்ற பெயர் வீட்டில் ஸ்தாஹ் ஆகும். ‘ப்ராத்’ (சகோதரன்) நண்பர்களுக்குள் ‘ப்ராஹ்’ ஆகும். லெண்ட்ஜானே என்பதையும் அப்படியே சுருக்கி ‘லெஞ்ஹ்’ போல் ஒரு வடிவம் செய்தார்கள். செஹ் (செக் நாட்டவர்) என்ற பெயரும் இதே வார்ப்பில் செய்தது என்பது பலர் கருத்து.

இங்கே ஓர் ஒலியைக் கவனிக்க வேண்டும். பழைய ஸ்லாவியத்தில் மூக்கால் ஒலிக்கும் உயிரெழுத்துகள் இருந்தன. பேச்சுத் தமிழில் ‘மரம்’, ‘பணம்’ என்று சொல்லும்போது கடைசி ‘ம்’ உதட்டில் முழுசாக வராமல் மூக்கில் கரைந்துபோகுமே, அதே மாதிரி ஒலி. போலிஷ் இந்த ஒலியை இன்றும் வைத்திருக்கிறது. கிழக்கு ஸ்லாவிய மொழிகள் 10-ஆம் நூற்றாண்டு வாக்கிலேயே தொலைத்துவிட்டன. அதனால்தான் கீவில் லெஞ்ஹ் மூக்கொலி இழந்து லியாஹ் ஆனது.

இதை வைத்து, யார் எப்போது இந்தப் பெயரைக் கடன் வாங்கினார்கள் என்று கண்டுபிடிக்கலாம். ஹங்கேரியர்கள் 9-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கார்பாத்திய மலைகளைத் தாண்டி வந்து குடியேறினார்கள். அப்போது அவர்கள் அக்கம்பக்கத்து ஸ்லாவியரிடம் வாங்கிய சொற்களில் எல்லாம் அந்த ‘ன்’ அப்படியே நிற்கிறது. வெள்ளிக்கிழமைக்கு ருஷ்யர் ‘பியாத்னித்ஸா’ என்பார்கள், ஹங்கேரியர் ‘பேன்டெக்’ என்பார்கள். புனிதர் என்பது ருஷ்யத்தில் ‘ஸ்வியாதோய்’, ஹங்கேரியத்தில் ‘ஸென்ட்’. அந்த வரிசையில்தான் லெந்ஜெல் வருகிறது: சுருக்கிய செல்லப்பெயரிலிருந்து அல்ல, முழுப்பெயரான லெண்ட்ஜானேயிலிருந்தே. லித்துவேனியர் வாங்கியது சுருங்கிய வடிவத்தை; ஆனால் மூக்கொலி போவதற்கு முன்பே வாங்கிவிட்டார்கள். ‘ஹ்’ ஒலி தங்கள் வாயில் வராததால் அதைக் ‘க்’ ஆக்கினார்கள்: லென்காஸ். ருமேனியரும் துருக்கியரும் பிந்தி வந்தவர்கள். அவர்களுக்குக் கிடைத்தது மூக்கொலி போன பின் இருந்த லெயாஹ், லெஹ்.

பைசாந்தியக் கையேட்டில் இதன் இன்னொரு தடயம் இருக்கிறது. ட்னீப்பர் ஆற்றின் பாய்ச்சல்களில் ஒன்றுக்கு ஸ்லாவியப் பெயர் ‘வெருச்சி’, கொதிப்பது என்று பொருள். அந்தச் சொல்லில் மூக்கொலி ஏற்கெனவே போய்விட்டது. சொன்னவர் கிழக்கு ஸ்லாவியர். அதே நூலில் லென்சானினோய் மட்டும் ‘ன்’ குறையாமல் நிற்கிறது. அப்படியானால் அந்தப் பெயர் கீவ்காரர் வாயிலிருந்து அல்ல, மேற்கு ஸ்லாவியப் பேச்சுடைய ஒருவர் வாயிலிருந்து, ஒருவேளை அந்த ஓடக்காரர்களிடமிருந்தே நேராக வந்திருக்கும். ஒரு மெய்யெழுத்து இவ்வளவு சாட்சி சொல்வது எனக்கு எப்போதும் ஆச்சரியம்தான்.

முதலில் எதிர்ப்பட்டவர்

எல்லை ஓரத்து ஓர் இனத்தின் பெயர் எப்படி முழு நாட்டுக்கும் ஆனது? இதற்குப் பெரிய மர்மம் எதுவும் இல்லை. ஓர் ஊருக்குப் போகும் வழியில் முதலில் எதிர்ப்படுகிறவர் யாரோ அவர் பெயரே அந்த ஊருக்குப் பெயர். பாரசீகர்களுக்கு முதலில் எதிர்ப்பட்ட கிரேக்கர்கள் ஆசியா மைனர் கரையின் அயோனியர்கள். அதனால் எல்லாக் கிரேக்கரும் ‘யௌனா’ ஆனார்கள். அது இந்தியாவுக்கு வந்து ‘யவன’ ஆகி, நம் சங்கப் பாட்டில் யவனர் ஆனது. லாட்வியர்களுக்கு ருஷ்யா இன்றும் ‘க்ரியேவியா’. பக்கத்தில் இருந்த க்ரிவிச்சி என்ற ஒரே ஓர் இனத்தை வைத்து அத்தனை பெரிய தேசத்துக்குப் பெயர். கீவ்காரருக்கும் ஹங்கேரியருக்கும் மேற்கே, வடக்கே நடந்தால் முதலில் எதிர்ப்பட்டவர்கள் லெண்ட்ஜானே.

கீவுக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. ட்னீப்பர் கரையில் கீவைச் சுற்றி வாழ்ந்த இனத்துக்கும் பொல்யானே என்றே பெயர்; அவர்களும் வெளியில் வாழ்ந்தவர்கள். தன் வீட்டுப் பிள்ளைக்கு வைத்த பெயரால் அடுத்த வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட யாருக்கும் நா எழாது. மேற்கத்தியருக்கு லியாஹ் என்ற பெயர் நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் ஊகம்.

கீவ் ஆண்டுக்குறிப்பு 981-ஆம் ஆண்டுக்குக் கீழே, கீவை ஆண்ட விளதிமிர் லியாஹ்கள்மேல் படையெடுத்துப் போய் ப்ஷெமிஷ்ல், செர்வென் முதலிய நகரங்களைப் பிடித்தான் என்கிறது. இங்கே லியாஹ் என்பது யார்? லெண்ட்ஜானேவா, மியெஷ்கோவின் ஆட்களா? எழுதியவர் 130 ஆண்டுகள் கழித்து எழுதுகிறார். அவர் காலத்தில் லியாஹ் என்றால் போலந்துக்காரர்தான். 981-இல் அப்படியா என்பதுதான் வம்பு. அந்த நிலம் முதலில் யாருடையது என்ற வாதத்தில் இரு நாட்டு வரலாற்றாசிரியர்களும் இந்த ஒற்றை வரியை இரு பக்கமும் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். நிலமும் அப்படித்தான் கை மாறியது: 1018-இல் கீவ் வரை போன போலெஸ்வாவ் திரும்பும் வழியில் செர்வென் கோட்டைகளை எடுத்துக்கொண்டார். 1031-இல் விளதிமிரின் மகன் யாரோஸ்லாவும் அவர் சகோதரர் ம்ஸ்திஸ்லாவும் திரும்பப் பிடித்தார்கள். யாரோஸ்லாவ் தன் பங்குக்குப் பிடித்த லியாஹ் கைதிகளை ரோஸ் ஆற்றங்கரையில் குடியேற்றினார்.

கீவ் நகரத்து மதிலில் ‘லியாத்ஸ்கி வாயில்’ என்றொரு வாயில் இருந்தது. 1240-இல் பாத்து கானின் மங்கோலியப் படை மதிலை உடைத்து உள்ளே நுழைந்தது அதன் பக்கத்தில்தான். அது லியாஹ்களின் வாயில், அதாவது போலந்து வணிகர்கள் குடியிருந்த பக்கம் என்பார்கள் சிலர். இல்லை, அங்கே திருத்திய காடு, ‘லியாதா’, இருந்தது என்பார்கள் வேறு சிலர். இரண்டும் ஒரே வேர் என்பதால் அந்தச் சண்டையைச் சொல்லை வைத்துத் தீர்க்க வழியே இல்லை. 2001-இல் அதை மைதான் சதுக்கத்தில் ஒரு நினைவு வாயிலாகக் கட்டி, மேலே தலைமைத் தூதர் மிக்கேலின் சிலையை நிறுத்தினார்கள். தொலைக்காட்சிச் செய்திகளில் நீங்களும் பார்த்திருக்கலாம்.

சொல் கசந்த கதை

நெடுங்காலம் லியாஹ் வெறும் பெயராகத்தான் இருந்தது. 1569-இல் லூப்ளின் ஒப்பந்தத்தால் வோலினியா, ப்ராத்ஸ்லாவ், கீவ் பகுதிகள் லித்துவேனியக் கையிலிருந்து நேரடியாகப் போலந்து மகுடத்தின் கீழ் வந்தன. கிழக்குக் கிறிஸ்தவர்களான உக்ரேனியக் குடியானவர்களுக்கு மேலே கத்தோலிக்கப் பிரபு வந்து உட்கார்ந்தார். லியாஹ் என்றால் அந்தப் பிரபு, அவர் கோவில், அவர் வரி எல்லாம் சேர்ந்த ஒரு சொல்லானது. 1648-இல் ஹ்மெல்னித்ஸ்கியின் தலைமையில் கொசாக்குகள் கிளர்ந்தபோது அது போர்க்களத்துச் சொல்லாகிவிட்டது. ருஷ்யர்களுக்கும், போலந்துப் படை 1610-இலிருந்து 1612 வரை மாஸ்கோ கிரெம்ளினுக்குள் உட்கார்ந்திருந்த நினைவு அதில் ஒட்டிக்கொண்டது. 1943-இல் வோலினியாவில் உக்ரேனிய ஆயுதக் குழுக்கள் போலந்து கிராமத்தாரைக் கொன்று குவித்த நாள்களுக்குப் பிறகு, போலந்துக்காரர் காதில் அந்தச் சொல் எப்படி ஒலிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இன்று உக்ரேனிய மொழியில் நாகரிகமான சொல் ‘பொல்யாக்’. லியாஹ் என்பது வசவு.

குடும்பப் பெயர்களில் மட்டும் அது சாதுவாக வாழ்கிறது. லியாஷ்கோ, லியாஹோவிச், போலந்திலேயே லாஹ், லாஹோவிச், ஹங்கேரியில் லெந்ஜெல். ஆர்க்டிக் பெருங்கடலில் நியூ சைபீரியத் தீவுகளில் லியாஹோவ் தீவுகள் என்றொரு கூட்டம் உண்டு. 18-ஆம் நூற்றாண்டில் மாமூத் தந்தம் தேடிப் போன இவான் லியாஹோவ் என்ற வணிகரின் பெயர். விஸ்துலாக் கரைப் பெயர் துருவப் பனியில் போய் ஒட்டிக்கொண்டது இப்படி.

துருக்கியில் கதை நேர் எதிர். சண்டைக்கு அங்கேயும் குறைவில்லை. 1683-இல் வியன்னா வாசலில் உஸ்மானியப் படையை முறியடித்தவர் போலந்து அரசர் சோபியெஸ்கி. ஆனாலும் லெஹ் என்ற சொல்லில் கசப்பு ஏறவில்லை. 1772, 1793, 1795 ஆகிய மூன்று தவணைகளில் ருஷ்யாவும் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் போலந்தைப் பங்கு போட்டு வரைபடத்திலிருந்தே அழித்தன. அதன் பிறகும் இஸ்தான்புல் அரசவையில் வெளிநாட்டுத் தூதர்களைப் பெயர் சொல்லி அழைக்கும்போது, ‘லெஹிஸ்தான் தூதர் இன்னும் வந்து சேரவில்லை’ என்று அறிவிப்பார்களாம். இதற்கு ஆவணச் சான்று கேட்டால் வரலாற்றாசிரியர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். போலந்துக்காரர்களோ இந்தக் கதையை விடுவதாக இல்லை. இப்போது துருக்கியில் நாட்டுக்குப் ‘போலோன்யா’ என்ற புதுப்பெயர் வந்துவிட்டது. மொழிக்கு மட்டும் பழைய பெயரே இருக்கிறது: ‘லெஹ்ச்சே’.

வீடு திரும்பிய பெயர்

போலந்துக்காரர்களே இந்தப் பெயரை எடுத்துச் சூடிக்கொண்டதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1200-ஐ ஒட்டி க்ராகோவின் அறிஞரும் பின்னாளில் ஆயருமான வின்சென்டி கத்வூபெக் தன் நாட்டு வரலாற்றை அலங்கார லத்தீனில் எழுதினார். பொலோனியர் என்று சொல்ல வேண்டிய இடங்களில் ‘லெஹித்தே’ என்று எழுதினார். காதுக்குப் பழமையாக ஒலித்திருக்கும். அவருடைய லெஹித்தேக்கள் மாவீரன் அலெக்சாந்தரையும் ஜூலியஸ் சீசரையும் தோற்கடிக்கிறார்கள். கேட்க ஆள் இல்லாதபோது அடித்து விடுவதற்கு என்ன.

பெயர் இருந்தால் அதற்கொரு மூதாதை வேண்டுமே. பிந்தைய பெரும்போலந்து ஆண்டுக்குறிப்பு ஒன்றில் அவர் வந்து சேர்கிறார்: லெஹ், செஹ், ரூஸ் என்று மூன்று சகோதரர்கள். மூவரில் லெஹ், ஓர் இடத்தில் கழுகுக் கூட்டைப் பார்த்து, அதுவே என் கூடு என்று சொல்லித் தங்கினார். கூட்டுக்குப் போலிஷ் மொழியில் ‘க்னியாஸ்தோ’, ஊர் க்னியெஸ்னோ. அந்தக் கழுகுதான் தேசியச் சின்னத்து வெள்ளைக் கழுகு என்று பின்னால் வந்தவர்கள் சேர்த்துக்கொண்டார்கள். பொஸ்னானுக்குப் பக்கத்தில் ரோகாலின் என்ற இடத்தில் மூன்று கிழட்டு ஓக் மரங்களுக்கு இந்தச் சகோதரர் பெயரே வைத்திருக்கிறார்கள். செஹ் பட்டுப்போய்விட்டது.

லெஹ் என்றொரு மனிதர் இருந்ததில்லை. கிழக்கே சான் ஆற்றங்கரையில் புனம் திருத்தியவர்களின் பெயர் கீவ்காரர் வாயில் சுருங்கி, மூக்கொலி இழந்து, ஒரு மனிதரின் பெயராகத் தன் நாட்டுக்கே திரும்பி வந்தது. அந்த மூக்கொலி இல்லாததே வெளியிலிருந்து வந்ததற்குச் சாட்சி. போலிஷ் வாயிலேயே வளர்ந்திருந்தால் ‘லெஞ்ஹ்’ என்று நின்றிருக்கும். ஆனால் இல்லாத மனிதரின் பெயரை எத்தனையோ பேர் பிள்ளைகளுக்கு வைத்தார்கள். கப்பல் கட்டும் தளத்து மின்தொழிலாளியாக இருந்து 1983-இல் நோபல் அமைதிப் பரிசு பெற்று, குடியரசுத் தலைவரும் ஆன லெஹ் வலேசா (நம் செய்தித்தாள்களில் லெக் வலேசா) அப்படிப் பெயர் பெற்றவர். 2010-இல் விமான விபத்தில் இறந்த குடியரசுத் தலைவர் லெஹ் கச்சின்ஸ்கியும் அப்படியே. பொஸ்னான் நகரத்துக் கால்பந்து அணி லெஹ்; அதே ஊர் பீர் லெஹ்; க்தான்ஸ்க் அணி லெஹியா.

இதில் மோசடிக்காரர்களும் நுழைந்தார்கள். 10-ஆம் நூற்றாண்டில் எழுதியது என்ற பெயரில், புரோகோஷ் என்பவரின் வரலாறு என்று ஒரு நூல் 1825-இல் வார்சாவில் அச்சாயிற்று. லெஹ்களின் பேரரசு, மன்னர் பட்டியல் எல்லாம் அதில் இருந்தன. அது 18-ஆம் நூற்றாண்டுப் போலி என்பதை வரலாற்றாசிரியர் யோவாஹிம் லெலெவெல் அப்போதே காட்டிவிட்டார். செத்த பாம்பு என்று நினைத்தால், இணையம் வந்த பிறகு ‘மாபெரும் லெஹியா’ என்ற பெயரில் மறுபடி நெளிகிறது. ரோமாபுரியை நடுங்க வைத்த பேரரசை வாத்திக்கனும் ஜெர்மானியரும் சேர்ந்து மறைத்துவிட்டார்கள் என்று நீளும் காணொளிகளுக்கு அங்கே பார்வையாளர் பஞ்சமில்லை. கேலியாக அவர்களை ‘டர்போ லெஹி’கள் என்கிறார்கள்.

பேரரசு ஆசை இல்லாமல் இந்தப் பெயரை வைத்திருப்பவர்களும் உண்டு. செக் நாட்டின் வடகிழக்கு மூலையில், போலந்து எல்லையை ஒட்டி, ‘லாஷ்ஸ்கோ’ என்றொரு சிறு பகுதி இருக்கிறது. அங்கத்து மக்கள் லாஹ்கள். இசையமைப்பாளர் யானாச்செக் பிறந்தது அங்கே ஹுக்வால்டி கிராமத்தில். தெற்குப் போலந்தில், நோவி சான்ச் நகரத்தைச் சுற்றி வாழ்பவர்களுக்கும் லாஹ் என்றே பெயர். மேலே மலையில் ஆடு மேய்த்த குரால்கள், கீழே பள்ளத்தாக்கில் உழுதவர்களைப் பார்த்துச் சொன்ன சொல் அது. போலந்துக்காரருக்குப் போலந்துக்காரரே வைத்த பெயர். பள்ளத்தாக்குக்காரர்கள் இன்று அதைக் கோபித்துக்கொள்வதில்லை. கருநீல மேலங்கியில் பூவேலை செய்து அணிந்து, ‘லாஹி’ என்ற பெயரிலேயே ஆட்டக்குழு வைத்து மேடை ஏறுகிறார்கள்.